பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை

"பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் என் மகள் தன் உயிர்த்தோழியுடன் நான்கு நாள் காரில் போய்வர ஆசைப்படுகிறாள். இருவருக்கும் 18 வயது. மகள் லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது, தோழி வாங்கி மூன்று மாதம். போக 450 கிலோமீட்டர், திரும்பி வர 450. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். மகள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அனுப்பலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் "அனுப்பலாமா" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வரிகளில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. மகள் நன்றாக ஓட்டுகிறாள் என்று நீங்களே சொல்கிறீர்கள், அடுத்த வரியில் மனம் ஒப்பவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஸ்டியரிங் பிடிக்கும் திறமையைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் இல்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், களைத்துப்போன மாலைப்பொழுதில், தெரியாத சாலையில், இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து சரியான முடிவை எடுப்பார்களா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் 22 ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சி கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் மகளின் வயதுக்காரர்கள். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். என் பதில் "அனுப்பலாம்" என்பதுதான். ஆனால் இப்போது அவர்கள் போட்டிருக்கும் திட்டப்படி வேண்டாம்.

பயிற்சிக் காரில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் மிதி உண்டு. கற்றுக்கொள்பவர் எவ்வளவு தடுமாறினாலும் நான் பதறாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். லைசென்ஸ் கிடைத்த மறுநாள் அந்தப் பிள்ளை சொந்தக் காரில் ஏறுகிறது. பக்கத்தில் அதே இருக்கை, ஆனால் காலடியில் வெறும் மிதியடி. அங்கே நண்பனோ தோழியோ உட்காருகிறார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே பிரேக் வாய்தான். அதை அவர்கள் சரியான நேரத்தில் பயன்படுத்துவார்களா, பயன்படுத்தினால் ஓட்டுபவர் காது கொடுப்பாரா என்பதில்தான் நீங்கள் கேட்கும் பாதுகாப்பு பெரிதும் அடங்கியிருக்கிறது. அதனால் உங்கள் மகளை மட்டும் எடை போட்டால் போதாது. அந்தத் தோழியையும், இருவருக்கும் இடையில் பேச்சு எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. கிலோமீட்டர் சேரச் சேர அபாயம் இறங்கும். உங்கள் மகளின் ஏழு மாதத்துக்கும் தோழியின் மூன்று மாதத்துக்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது. இரண்டாவது, சம வயதுத் துணை. 2012-இல் அமெரிக்காவின் ஏஏஏ ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், 16, 17 வயது ஓட்டுநர் விபத்தில் இறக்கும் அபாயம், தனியே ஓட்டுவதைவிட, 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் உடன் இருக்கும்போது 44 சதவீதம் கூடியது. அப்படி இருவர் இருந்தால் இரண்டு மடங்கு. மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கு மடங்கு. 35 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் காரில் இருந்தபோது அதே அபாயம் 62 சதவீதம் குறைந்தது. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்து, இடைக்கட்டத்தில் இருப்பவர்கள் துணைக்கு அனுபவசாலி இல்லாமல் இரவு 10 முதல் காலை 5 வரை ஓட்டவோ, மற்றவர்களை ஏற்றிச் செல்லவோ கூடாது என்று தடுத்தது. பிறகு பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின.

ஏன் இப்படி என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னரும் ஸ்டெயின்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வெவ்வேறு வயதினரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்தவர்கள் தனியே இருந்தாலும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடினார்கள். வளரிளம் பருவத்தினரோ நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கூடுதலாகத் துணிந்தார்கள். நான் இதைத் தினமும் பார்க்கிறேன். வகுப்புக்குத் தனியே வரும் பையன் வளைவுக்கு முன்பே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிடுவான். பின்சீட்டில் நண்பன் ஏறிய நாளில் அதே வளைவில் அரை நொடி தாமதிப்பான். நண்பன் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டான். அவன் அங்கே இருப்பதே போதும்.

ஆனால் இந்த எண்களை வைத்து "தோழியோடு போனால் ஆபத்து 44 சதவீதம்" என்று நீங்கள் மகளிடம் வாதாடாதீர்கள். அது ஒரு நாட்டில், உங்கள் மகளைவிட இளையவர்களிடம் எடுத்த கணக்கு. அதில் நள்ளிரவில் வேகப்போட்டி போட்டவர்களும் உண்டு, சும்மா பள்ளியிலிருந்து வீடு திரும்பியவர்களும் உண்டு. விளையாட்டுத் திரையில் காட்டும் துணிச்சலும் சாலையில் காட்டும் துணிச்சலும் ஒன்றே என்று அடித்துச் சொல்லவும் முடியாது. என் அனுபவத்தில், பக்கத்து இருக்கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அங்கே உட்காருபவர் பாரமாக இல்லாமல் துணையாகிவிடுகிறார். இது நான் கண்டது. இதை ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, போய்வந்து என்னிடம் கதை சொன்னவர்களைத்தான் எனக்குத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கதைகளில் ஒன்றை மறக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒன்றாகக் கற்ற இரண்டு பையன்கள், தேர்வு முடிந்த அன்று இரவே கிளம்பினார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து இணைபிரியாதவர்கள். நள்ளிரவைத் தாண்டி மூன்று மணி இருக்கும். ஓட்டிக்கொண்டிருந்தவன் பத்து நிமிடமாகப் பேசவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் கவனித்திருக்கிறான்: கார் ஓரக்கோட்டை மெதுவாகத் தொட்டு, சட்டென்று நடுவுக்குத் திரும்பி, மறுபடி கோட்டைத் தொடுகிறது. மூன்று முறை. நான்காம் முறை சக்கரத்தின் அடியில் ஜல்லிக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டதும்தான் இருவரும் அலறியிருக்கிறார்கள். கார் சாலையோர மண்ணில் இறங்கி, ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றது. ஒரு டயரும் முன்பக்க பம்பரும் போயின. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. பிறகு என்னைப் பார்க்க வந்தபோது பக்கத்தில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சுது சார். முதல் தடவையே தெரிஞ்சுது. சொன்னா, 'என் டிரைவிங்கையே சந்தேகப்படுறியா'ன்னு கேட்பானோன்னு இருந்துச்சு." ஓட்டியவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "நீ சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்டா" என்றான். அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து நண்பர்களாக வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு முடியும் முன் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில். பக்கத்தில் இருப்பவர் எந்த நேரத்திலும் "ஓரங்கட்டு" என்று சொல்லலாம். சொன்னதும் ஓட்டுபவர் ஏன் எதற்கு என்று கேட்காமல், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். காரணத்தை நின்ற பிறகுதான் கேட்கலாம். கேட்கச் சுலபமாகத் தோன்றும். முதல் முறை ஒருவருமே சரியாகச் செய்ததில்லை. சொல்பவர் "கொஞ்சம்... இல்ல, பரவால்ல" என்று இழுப்பார். ஓட்டுபவர் "ஏன், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே அரை கிலோமீட்டர் போய்விடுவார். நான்கைந்து முறை காரணமே இல்லாமல் சொல்லவைத்து, நிறுத்தவைத்துப் பழக்கினால்தான் அந்த வார்த்தைக்கு இருக்கும் கூச்சம் போகும். நட்பு நெருக்கமாக இருக்க இருக்க இந்தக் கூச்சமும் கூடுகிறது. முன்பின் தெரியாத டாக்சிக்காரரிடம் "மெதுவாப் போங்க" என்று சொல்பவர்கள், உயிர்த்தோழியிடம் அதைச் சொல்ல வாயெடுப்பதில்லை. உங்கள் மகளையும் தோழியையும் இதை வீட்டுப் பக்கத்துத் தெருவிலேயே பழகச் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த 4 மணி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். சாலை காலியாக இருக்கும், வெயில் ஏறும் முன் பாதி தூரம் போய்விடலாம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைப்பு தப்பில்லை, ஆனால் அவர்கள் உடம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. மனித உடலின் கடிகாரத்தில் தூக்கம் மிக அழுத்தும் நேரம் இரவு 2 முதல் 6 வரை. அடுத்த சிறு பள்ளம் பிற்பகல் 2 முதல் 4 வரை. வளரிளம் வயதில் இந்தக் கடிகாரமே தாமதமாக ஓடுகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. மேரி கார்ஸ்கடன் போன்ற தூக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைக் காட்டிவருகிறார்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கிளம்பும் பரபரப்பில் 12 மணிக்குக் கண்ணயர்ந்து 3 மணிக்கு எழும் பிள்ளை, உடம்பு இன்னும் இரவு என்று நினைக்கும் நேரத்தில் 450 கிலோமீட்டரைத் தொடங்குகிறது. அதற்கு முன் மூன்று வாரம் தேர்வுக்காகக் கண்விழித்த கடனும் சேர்ந்திருக்கும். 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது இது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் அதுவே ஓட்டத் தடை விதிக்கும் எல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி கண் செருகினால் 100 மீட்டரை யாருமே ஓட்டவில்லை என்று பொருள்.

அதனால் தேர்வு முடிந்து குறைந்தது இரண்டு நாள் நன்றாகத் தூங்கியபின் கிளம்பட்டும். காலை 8 மணிக்குப் புறப்படட்டும். 450-ஐ இரண்டாகப் பிரித்து நடுவில் ஓரிரவு தங்கட்டும். நான்கு நாள் ஐந்து நாளாகிறதே என்றால், ஆகட்டும். இல்லையென்றால் போகும் இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது இந்த அனுபவத்துக்கு அதிகம் என்பது என் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரமாவது இறங்கி நடக்க வேண்டும். தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் உதவும் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னரும் ஹோர்னும் இதைச் சோதித்தார்கள். குளிர்காற்றும் ரேடியோவும் தந்த பலன் மிகக் கொஞ்சம், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் கண்ணயர்வது பலன் தந்தது, ஏனென்றால் காபி வேலைசெய்ய ஏறக்குறைய அரைமணி நேரம் எடுக்கும். அதுவும் அடுத்த தங்குமிடம் வரை போய்ச் சேரத்தான். இரவு முழுக்க ஓட்டுவதற்கு அது வழி ஆகாது.

இப்படிப் பேசினால் பயமுறுத்துவது போலத் தோன்றும். எனக்கு இந்தப் பயணங்கள் பிடிக்கும், பிள்ளைகள் போகவேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். உலகின் முதல் நீண்டதூரக் கார்ப் பயணமே பள்ளி விடுமுறையில் நடந்ததுதான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், அந்தக் காரை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், தன் மகன்கள் 15 வயது யூஜெனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனார். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்கினார்கள். மேட்டில் வண்டி ஏறாதபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்ததும் கார்லுக்குத் தந்தி. அந்த வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை நான் என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். உங்கள் இரண்டு பெண்களில் ஓட்டாதவருக்கும் அப்படி ஒரு முழுநேர வேலை வேண்டும்: வழி பார்ப்பது, போனை எடுப்பது, ஓட்டுபவரின் பேச்சும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்று கவனிப்பது. பக்கத்தில் இருப்பவர் தூங்கினால் ஓட்டுபவருக்கும் தூக்கம் தொற்றும். இருவருக்குமே கண் சொக்கினால் கார் நிற்க வேண்டும்.

வண்டியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் ஓரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் வைத்து இருவரும் ஒருமுறை தாங்களே சக்கரம் மாற்றிப் பார்க்கட்டும். பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு, ஜாக்கியில் தூக்கிய பிறகு நட்டைக் கழற்றப் போவது. சக்கரம் அந்தரத்தில் சுற்றும், கார் ஆடும். தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். வழியில் மலை இருக்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் கற்றவர்கள் இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து வருவார்கள். பிரேக் சூடேறி, கருகல் வாடை வந்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும். மலை இருந்தால், அந்தப் பகுதியைப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். பின்சீட்டில் யாராவது ஏறினால் அவர்களுக்கும் சீட் பெல்ட் கட்டாயம். பைகள் பின்கண்ணாடி ஓரத்தில் கிடக்கக் கூடாது; கார் சட்டென்று நின்றால் அவை நிற்காது.

சட்டம், காப்பீடு இரண்டையும் உங்கள் ஊர் விதிப்படி நீங்களே நேரில் விசாரிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு மாறுபவை என்பதால் இங்கிருந்து நான் சொல்வது தவறாகிவிடும். இரண்டு கேள்விகளை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் காரைத் தோழி ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு செல்லுமா? புது ஓட்டுநருக்கு இரவு நேரத் தடையோ, ஆட்களை ஏற்றத் தடையோ இருக்கிறதா? வாடகைக் கார் என்றால், பல நாடுகளில் 21 அல்லது 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரமாட்டார்கள், தந்தாலும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். காப்பீட்டில் தோழிக்கு இடமில்லையென்றால் அவள் ஓட்டவே கூடாது. "கொஞ்ச தூரம் மட்டும்" என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

"பெண் பிள்ளைகள்" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்குத் தனி ஆபத்து எதையும் நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் வேகத்தால் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பையன்கள்தான். தங்குமிடம், மனிதர்கள் என்ற விஷயத்தில் நான் பயிற்சி பெற்றவன் இல்லை. இந்தப் பெண்களில் யாருக்காவது ஓர் அக்கா இப்படிப் போய்வந்திருந்தால் அவரிடம் கேட்பது என்னிடம் கேட்பதைவிட நல்லது. சாலை சார்ந்ததை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவது என்று முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு காரை எடுக்கக் கூடாது. இருட்டில் புது ஊரில் தங்குமிடம் தேடிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதுதான் நான் கேட்ட கதைகளில் அடிக்கடி வரும் சிக்கல். போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் புள்ளி நகர்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அழைக்கவே கூடாது. நிறுத்தும் இடங்களிலிருந்து அவர்கள் அழைப்பார்கள் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். தாயின் அழைப்பை எடுக்காமல் விடுவது எந்தப் பிள்ளைக்கும் கடினம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வலது கை பையைத் துழாவும்.

இனி அவர்களுடைய நட்பு. இதைச் சொல்ல எனக்கு எந்தப் படிப்பும் இல்லை, கேட்ட கதைகள்தான். போகும்போது ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பிட்டவர்கள் மூன்றாம் நாளில் முகம் கொடுத்துப் பேசாமல் வருவது நிறைய உண்டு. காரணங்கள் மிகச் சிறியவை. ஒருத்தி ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள், மற்றவள் பத்து மணிக்கு. ஒருத்தி கணக்குப் பார்த்துச் செலவழிப்பாள், மற்றவள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவாள். பள்ளியில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் சேர்ந்திருந்தவர்கள் திடீரென்று 24 மணி நேரமும் ஒரு காருக்குள்ளும் ஓர் அறைக்குள்ளும். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், கோபம் நேராக ஆக்ஸிலேட்டருக்குத்தான் போகும். சண்டை போட்டபின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கையைக் கவனித்திருக்கிறேன்: விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும், கண்ணாடியைப் பார்ப்பது நின்றுவிடும். பொதுச் செலவுக்கு இருவரும் சம அளவு போட்டு ஒரே பையில் வைத்துக்கொள்ளட்டும். எரிபொருளும் அறை வாடகையும் அதிலிருந்து போகட்டும், மற்றது அவரவர் பணம். தினமும் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் தனியாக இருக்கட்டும். சண்டை வந்தால் அது தீரும்வரை, அல்லது ஆறும்வரை, சாவி யார் கையிலும் வேண்டாம். இது மூன்றையும் கிளம்பும் முன்பே பேசிக்கொண்டவர்கள் கோபித்துக்கொண்டாலும் சேர்ந்தே திரும்பி வருகிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, முடிவெடுக்க உங்களுக்கு ஒரு வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பி 150 கிலோமீட்டர் போய் வாருங்கள். போகும்போது மகள் ஓட்டட்டும், வரும்போது தோழி. நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், உயிருக்கு ஆபத்து என்றாலொழிய வாயைத் திறக்காதீர்கள். சாலையைப் பார்க்க வேண்டாம், முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே நடப்பதைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவள் ஏதாவது சொன்னால் ஓட்டுபவள் என்ன செய்கிறாள்? "சரி" என்று வேகத்தைக் குறைக்கிறாளா, "எனக்குத் தெரியும்" என்கிறாளா? ஒருத்தி தயங்கி விழுங்கும் வார்த்தைகள் எத்தனை? வீடு வந்ததும் மகளிடம் கேட்காமல், அவள் தோழியிடம் தனியாகக் கேளுங்கள்: "இன்னைக்கு எப்போதாவது உனக்குப் பயமா இருந்துச்சாம்மா? அதை அவகிட்ட சொன்னியா?" பயந்தேன், சொன்னேன், அவள் கேட்டாள் என்று பதில் வந்தால் அனுப்புங்கள். பயந்தேன், ஆனால் சொல்லவில்லை என்று வந்தால் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொள்ளுங்கள். பயமே இல்லை என்று சட்டென்று வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 150 கிலோமீட்டரில் ஒருமுறைகூட நெஞ்சு திக்கென்று ஆகாத புது ஓட்டுநர் சாலையைக் கவனிக்கவே இல்லை.

கடைசியாக, திரும்பி வரும் நாள். போகும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் திட்டமிடுகிறார்கள். வரும் நாளில் களைப்பு சேர்ந்திருக்கும், வழி தெரிந்துவிட்ட தைரியம் இருக்கும், வீட்டில் அம்மா காத்திருக்கிறாள் என்ற நினைப்பும் இருக்கும். "எட்டு மணிக்குள்ள வந்துடணும்" என்று நீங்கள் அன்பாகச் சொல்லும் ஒரு வார்த்தை, ஏழரை மணிக்கு இன்னும் 70 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது அந்தப் பிள்ளையின் வலது காலில் போய் உட்காரும். அதனால் அந்த நாளுக்கு நேரம் குறிக்காதீர்கள். ஓர் இரவு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான பணத்தை ஓர் உறையில் போட்டு, ஒட்டி, தோழியின் கையில் கொடுங்கள். கண் சொக்கினாலோ, மழை பிடித்தாலோ, நேரம் தப்பினாலோ, அதைப் பிரித்து வழியிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை வரலாம், வந்தால் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று இருவரிடமும் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், தோழிக்கு அந்த அதிகாரத்தை நீங்கள் கொடுத்ததை அவளும் கேட்டிருக்க வேண்டும்.